நடுவில் இறக்கிய கண்ணாடி

ஜூன் 2

என் பொடிசுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வாழ்நாளெல்லாம் கண்ணாடியில் நேர்க்கோடு போட்டு வெட்டிய கை இது. காகிதத்தில் ஒரு கோடு நேராக வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் யாரிடமும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன்! "மீனைப் பார்த்துக் கொல்கிறேன்" என்று எழுதிக்கொண்டு போனேன். மாலைப் பள்ளி டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரியவரே, பார்த்துக்கிறீங்களா, கொல்றீங்களா?" அங்கே பெரிய ள வர வேண்டுமாம்.

நீ விட்டுப்போன மீன் தொட்டியில் ஒரே ரகளை. சாதுவான மீன் என்று கடைக்காரன் உன் தலையில் கட்டினானே, அந்தக் கறுப்பு வரி சிக்லிட் இரண்டும் ஜோடியாம். கல்லுக்கு அடியில் குஞ்சு பொரித்திருக்கின்றன. கடுகைத் தூவியது போல! துள்ளிக் குதித்தேன். அன்றோடு மற்ற மீன்களுக்குப் போதாத காலம். ஆண் மீன் கெளுத்தியின் கண்ணைப் பிடுங்கிவிட்டது. நியான் மீன்களைத் துரத்தித் துரத்தி வயிற்றைக் கிழித்தது. காலையில் தலைகளைத்தான் அள்ளினேன். அடிக்க வேறு ஆள் இல்லாமல் இப்போது பெட்டையையே அடிக்கிறது. பாவம், வால் பாதி இல்லை. என்ன செய்யட்டும்?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சின்னக்குட்டிக்கு முத்தம்.

உன் அப்பா
(கைநாட்டு இல்லை, கையெழுத்து!)

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். இந்த முறை என் எழுத்துதான் மோசம். வலது கை கதவில் நசுங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன்.

ஆண் மீனைத் திட்டாதீர்கள். குஞ்சுகள் மேல் உள்ள பாசத்தில் வரும் வெறி அது. அடங்கியதும் பக்கத்தில் வந்து நல்லபடியாக நிற்கும். உடைந்த சட்டி ஓடு ஒன்றைத் தொட்டியில் போடுங்கள். பெட்டை அதற்குள் அசையாமல், எதிர்த்து நிற்காமல் இருந்தால் போதும். குஞ்சுகளும் சத்தம் போடாமல் இருக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். சின்னக்குட்டி முன்போல் பேசுவதில்லை. வளர்கிறாள் அல்லவா? நீங்கள் வர வேண்டாம், வீட்டில் இடம் இல்லை. எதுவானாலும் நான் பார்த்துக் கொல்கிறேன்.

உங்கள் பொடிசு

ஜூன் 19

என் பொடிசுக்கு,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். நீ சொன்னபடி உடைந்த சட்டி ஓடு ஒன்றையும் தொட்டியில் போட்டேன். ஆண் மீன் அதற்குள்ளேயே புகுந்து பெட்டையின் செவுளைக் கிழித்தது. தண்ணீரில் ரத்தம் புகை மாதிரி ஏறியது. பெட்டை அசையாமல்தான் இருந்ததம்மா. அதுதான் அவனுக்கு வசதியாகப் போயிற்று.

நான் வேலை பார்த்த பழைய கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வெட்டி வந்து தொட்டிக்கு நடுவில் இறக்கினேன். பெட்டையும் குஞ்சுகளும் இந்தப் பக்கம். அவன் அந்தப் பக்கம், வாய் பிய்ந்து தொங்க முட்டுகிறான். முட்டட்டும்.

மீன் குஞ்சு எந்த ஊரில் சத்தம் போட்டது, சொல்?

உன் கடிதத்தின் கடைசி வரியை டீச்சரிடம் காட்டவில்லை. நீ சின்ன ல போட்டிருக்கிறாய். நான் போட்டால் அது பிழை. நீ எழுத்துப் பிழைக்காக ஒருநாளும் திட்டு வாங்காதவள். இடது கை வழுக்கியதா, மனது வழுக்கியதா என்று கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கையை நசுக்கிய அந்தக் கதவுக்கு மீசை இருக்கிறதா?

கொல்லவும் வேண்டாம், பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் அவன் பிரிப்பான். அதனால் கையிலேயே கொண்டு வருகிறேன். நீ இதைப் படிக்கும்போது உன் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். படித்ததும் செருப்பை மாட்டு, சின்னக்குட்டியைத் தூக்கு. பை கிடக்கட்டும். அவன் மறித்தால் நடுவில் நான் இறங்குவேன். கண்ணாடியை உடைக்கிறவன் கையும் கிழியும். அது எனக்குத் தெரிந்த தொழில்.

அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன். நீ எதிரே உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்து.

உன் அப்பா