தடியனுக்கு எப்போது ஆபரேஷன்?

சின்னவளின் அம்மாவுக்கு,

நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

நம் தடியன் மதில் தாண்டி ஓடுகிறான், குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாம் என்று நீ சொன்னதும், "பாவம்டி, அவனும் ஆம்பளைதானே!" என்று போனில் சண்டைக்கு வந்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் எங்கள் மரக்கிடங்கு நாயும் அவனைப் போலத்தான் ஒரு பெட்டையின் பின்னால் ஓடி, லாரிக்குக் குறுக்கே பாய்ந்துவிட்டது. இழுக்கப் போய் நானும் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. நாய்க்கும் காலில்தான் அடி. அதைத் தூக்கிப்போன இடத்தில் நம்மவனைப் பற்றியும் நாய் டாக்டரிடம் கேட்டேன்.

"பெரிய ஜாதியா? எலும்பு முத்தட்டும், ஒன்றரை வயசுல பண்ணுங்க. அதுவரைக்கும் வெளிய விடாதீங்க. பண்ணினப்புறம் பத்து நாளைக்குக் குதிக்கவே கூடாது" என்றார்.

விரல் விட்டு எண்ணினேன். ஒன்றரை வயது ஆகும் மாதம்தான் எனக்கு லீவு! ஆனால் நான் வருவதற்கு முன்னால் செய்துவிடாதே. என்னைப் பார்த்ததும் குதிப்பான், தையல் பிரிந்துவிடும். ஆசைதீரக் குதிக்கட்டும், பிறகு நானே கூட்டிப்போகிறேன்.

மூன்று மாதக் குட்டியாக விட்டு வந்தேன், ஆளை மறந்திருப்பானோ என்னவோ. கதவுக்குப் பின்னால் தொங்கும் என் பழைய சட்டையைத் துவைக்காமல் அவன் படுக்கையில் போடு.

லாரி வந்துவிட்டது, மரம் இறக்க வேண்டும்.

அந்தச் சட்டையை நீ உனக்கென்று எடுத்து வைத்திருந்தால், ஒரு கையை மட்டும் கிழித்து அவனுக்குக் கொடு.

சின்னவளின் அப்பா