பத்து நிமிஷத்துக்குத் திறந்த கேட்

என் அன்புக் குருவிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், சுகமில்லை என்று தெரிந்துகொண்டே கேட்பது கேலி மாதிரி இருக்கிறது, அதனால் கேட்கவில்லை. இங்கே அம்மா நடமாடுகிறாள், முழங்கால் வலி பழகிவிட்டது என்கிறாள், நானும் மூன்று வேளையும் தட்டு முன்னால் உட்காருகிறேன், பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறேன். திங்கட்கிழமை காலை உன் பங்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டேன் என்று செய்தி அனுப்பினேனே, அதிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை, அம்மா போனையும் எடுக்கவில்லை. இன்று புதன். முப்பத்தோரு தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்று அந்தப் போனே எண்ணிக் காட்டுகிறது. அதனால்தான் கடிதம். மாப்பிள்ளை பெயருக்குக் கூரியரில் போடுகிறேன், நீ படித்து முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி கண்ணு.

என்னை ஏன் இந்தப் பங்குச் சந்தை வேலையில் உட்கார வைத்தாய் என்று நினைத்துப் பார். நஷ்டத்தில் விற்க மனசு வரலப்பா, கம்ப்யூட்டரே தானா விக்கற மாதிரி வச்சாலும் கடைசி நிமிஷத்துல நானே போய் அத அழிச்சிடறேன், நீதான் சரியான ஆளு, முப்பது வருஷம் ரயில்வே கேட்ட யார் கத்தினாலும் தொறக்காதவரு என்று சொல்லித்தானே கணக்கை என் பெயரில் தொடங்கி, பாஸ்வேர்டை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாய். நீ வாங்கச் சொன்னதை வாங்குவேன், நீ எழுதிக் கொடுத்த விலைக்குக் கீழே போனால் விற்பேன், என் வேலை அவ்வளவுதான். ஒன்பது மாதத்தில் நாலு தடவை விற்றேன், நாலு தடவையும் திட்டினாய், சாயங்காலம் நீயே கூப்பிட்டு நல்ல வேளைப்பா என்றாய். கம்ப்யூட்டர் ஓரத்தில் நீ போன லீவில் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. பேட்டரி கம்பெனிப் பங்கு, நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கீழே போனால் விற்றுவிடு, நான் அழுதாலும் விற்றுவிடு. உன் கையெழுத்துதான், அழுதாலும் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அது நூற்றுப் பதினொன்றுக்கு வந்தது. மவுஸில் கை வைத்துவிட்டேன். சத்தியமாக வைத்துவிட்டேன் குருவி. அப்போதுதான் நீ ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே அங்கே ஸ்டோர் ரூமுக்குள் நின்றுகொண்டு கூப்பிட்டாய். பத்தே நிமிஷம்ப்பா, திரும்ப மேல வந்துரும்ப்பா, என்ன நம்புப்பா என்று விக்கி விக்கிச் சொன்னாய், உன் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷம் அரை மணியாயிற்று, சாயங்காலம் தொண்ணூற்று நாலு, மறுநாள் எண்பத்தொன்று. உனக்கு மூன்று வயதில் ஒரு நாள் உடம்பு அனலாகக் கொதிக்க, அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். டாக்டர் வீடு இந்தப் பக்கம். தொறங்க, உங்க பொண்ணுதான் என்று கத்தினாள். வண்டி போய்விட்டது என்று ஸ்டேஷனிலிருந்து சொல் வராமல் திறக்கக் கூடாது. ஏழு நிமிஷம் நிற்க வைத்தேன். அன்று திறக்காதவன் இன்று உன் குரலுக்குத் திறந்துவிட்டேன். நேற்று இதை அம்மாவிடம் சொன்னபோது, எனக்குத் தொறக்கல, அவளுக்கு மட்டும் தொறந்துட்டீங்களா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதனால் அந்த நஷ்டம் என்னால் வந்தது. நீ உன்னையே போட்டுக் குத்திக்கொள்ளாதே, என்னைத் திட்டு. வியாழக்கிழமை என் பென்ஷன் பணத்தையும் எடுத்து அதிலேயே போடச் சொன்னாய், வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்ன என்றாய், விட்டதைப் பிடித்துவிடலாம் என்றாய். உண்மையைச் சொல்கிறேன், நான் பாஸ்புக்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாங்கு வாசல்வரை போனேன். அங்கே கதவைத் தள்ளக் கை வரவில்லை, திரும்பிவிட்டேன். சனிக்கிழமை மாப்பிள்ளை கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கப் போய் உன் கை நடுங்கி இரண்டு தடவை நரம்பு தப்பிவிட்டதாம், அந்த மனுஷர் பரவாயில்லம்மா என்று சொல்லியும் நீ ஊசியை வைத்துவிட்டு ஓடிவிட்டாயாம், தலைமை நர்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். பச்சைக் குழந்தைக்குக்கூட வலிக்காமல் எடுக்கிற கையாயிற்றே அது. அப்புறம், நான் இருந்து என்ன ஆகப்போவுது என்று நீ சொன்னதாகவும் சொன்னார். ஞாயிறு முழுக்க உன்னைக் கூப்பிட்டேன், பாஸ்வேர்டைக் கொடு, வேறொன்றும் பேசாதே என்று மட்டும் எழுதினாய். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் எழுபத்தாறுக்கு விற்றேன். அது நாளைக்கே இருநூறுக்குப் போனாலும் போகட்டும். எனக்குத் தெரிந்து அந்தப் பணம் ஏறும் இறங்கும், உன்னை நான் எங்கே போய் வாங்குவேன்.

டென்ஷன் இல்லாமல் எப்படிப்பா இருந்தே என்று முன்பு கேட்பாய், நான் பெரிய ஞானி மாதிரி சிரித்து வைப்பேன். இப்போது சொல்கிறேன், நான் ஒரு நாளும் அமைதியாக இருந்ததில்லை. ஹாரன் அடிப்பார்கள், சட்டையைப் பிடிப்பார்கள், எனக்குத் தொடை நடுங்கும், சாவியோடு கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு, போகிற வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன். என்னைக் கல்நெஞ்சன் என்றார்கள், அந்தக் கல் என்னுடையதில்லை, பூட்டுடையது, ஸ்டேஷனிலிருந்து விடுவிக்காமல் என் சாவிக்கு அது திறக்காது. பூட்டு என் இஷ்டத்தில் இருந்திருந்தால் முதல் வாரமே திறந்திருப்பேன். அதனால் மனசை அடக்கிப் பழகு என்று உனக்கு உபதேசம் செய்ய மாட்டேன், எனக்கே வராத வித்தை. பங்கு விலை காட்டுகிற ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிடு. தூக்கம் வராவிட்டால் மாப்பிள்ளையை எழுப்பு, எழுந்துகொள்ளட்டும், அதற்குத்தானே கட்டிக்கொண்டார். உன் ஆஸ்பத்திரியிலேயே மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராமே, மாப்பிள்ளையிடம் சொன்ன சொல்லை அந்த டாக்டரிடம் அப்படியே சொல், வெட்கப்படாதே, ஊருக்கே ரத்தம் பார்க்கிறவள் உன்னைக் காட்டிக்கொள்ள என்ன வெட்கம். நான் இனி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டேன், நீ கெஞ்சினால் தோற்றுவிடுகிற ஆள் நான் என்று தெரிந்துபோயிற்று. மிச்சப் பணம் என் பாங்குக் கணக்குக்கு வந்ததும் உன் கணக்குக்கே அனுப்பச் சொல்லி பாங்கில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பா அம்மா இருவரின் ஆசியும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உண்டு. ஒரே ஒரு ஞாபகப்படுத்தல். என் சர்க்கரை டெஸ்டுக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது, டாக்டர் திட்டுகிறார், நான் போகவில்லை. லீவு போட்டு வா. முதல் ஊசியை என் கையில் போடு. நடுங்கினால் நடுங்கட்டும், நாலு தடவை தப்பினாலும் நான் கையை எடுக்க மாட்டேன். வர முடியாவிட்டால் போனை மட்டும் எடு, பேசக்கூட வேண்டாம், எடுத்துக் காதில் வைத்துக்கொள். முப்பத்திரண்டாவது தடவை இப்போது கூப்பிடப் போகிறேன்.

இப்படிக்கு,
உனக்காகத் திறந்துவிட்ட உன் அப்பா