எல்லாம் சரி என்று எழுதிய படிவம்

ஏட்டையா,

இன்று காலை ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுப் படிவம் தபாலில் வந்தது. உறைமேல் இருந்த பெயரை நானே படித்தேன். என் பெயர்தான். தபால்காரர் கைநாட்டு வாங்க மை டப்பாவைத் திறந்தார். "அது வேணாம் தம்பி, பேனா குடு" என்றேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனீர்களே.

போலீஸ் மெஸ்ஸில் சோறாக்கியவனுக்கும் இந்தக் காப்பீடு உண்டு என்று சொன்னதே நீங்கள்தான். சுனாமிக்கு அடுத்த வருடம், கடற்கரைச் சாலையில் கல்மேல் உட்கார்ந்து இரண்டு படிவங்களையும் எழுதினீர்கள். உங்களுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. காற்றில் தாள் பறக்காமல் இருக்க என் செருப்பைத் தூக்கி மேலே வைத்தீர்கள்.

"என்னென்ன வியாதி இருக்குன்னு கேட்டிருக்கான் மாஸ்டர்."

"என் சர்க்கரையோட உங்க சர்க்கரையயும் எழுதுங்க ஏட்டையா. பத்து வருஷமா உங்களுக்குத் தனியா டீ போட்டவன் நான்."

"எழுதிட்டேன்யா. நீ பெருவிரல நீட்டு."

நீட்டினேன். நம்பினேன். பழைய வியாதியைச் சொல்லிவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு, மறைத்தால்தான் கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

மறு வருடம் உங்களுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் உங்கள் படிவத்தை உரக்கப் படித்தாள். வியாதி என்ற இடத்தில் 'எல்லாம் சரி' என்று எழுதியிருந்ததாம். சர்க்கரையை மறைத்ததால் ஆபரேஷன் இதில் வராது என்றாள்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தினேன். சக்கர நாற்காலியில் இருந்து நீங்கள் சிரித்தீர்கள்.

"முப்பது வருஷம் பாரா மாத்தும்போது எல்லாம் சரின்னு சொல்லியே பழகுன வாயி மாஸ்டர். கையும் அப்படியே எழுதிடுச்சு."

எனக்குத் தெரியும். காய்ச்சலோடு காவல் நின்ற நாளிலும், அடுத்து வருகிற ஆளிடம் அதையே சொல்லிவிட்டு, சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்கு வருவீர்கள். மிளகு ரசம் கேட்பீர்கள்.

"இனிமே நீங்க எழுதுறத நானே படிச்சுப் பாத்துதான் கை வைப்பேன்" என்றேன்.

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போய்டுவேன்யா."

அப்படியே ஆனது. இலவச ஆஸ்பத்திரியில் உங்கள் முறை வர ஒரு வாரம் இருந்தது. முதியோர் எழுத்தறிவு வகுப்பில் நான் 'ப' வரிசையில் இருந்தேன்.

இன்று புதுப் படிவத்தை நிரப்பப் பழையதன் நகல் வேண்டியிருந்தது. அன்று நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. எனக்கும் 'எல்லாம் சரி' என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். விரல் வைத்துப் படித்தேன்.

சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை. முழங்கால் வலி. வலது கையில் எண்ணெய் பட்ட தழும்பு. அடுப்புப் புகையால் விடியற்காலை இருமல்.

அந்த இருமலை நான் யாரிடமும் சொன்னதில்லை ஏட்டையா. பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுத்தான் இருமுவேன். காவல் நின்ற உங்களுக்கு அதுவும் கேட்டிருக்கிறது. என் கண் ஆபரேஷன் காப்பீட்டில் ஒரு கேள்வி இல்லாமல் நடந்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் எழுதியதை இன்று நான் படித்ததும் அந்தக் கண்ணால்தான்.

புதுப் படிவத்தை மதியத்தில் இருந்து எழுதினேன். உங்கள் வரிசையிலேயே, ஒன்று விடாமல். 'முழங்கால்' என்பதற்கு மட்டும் நாலு தடவை அழித்தேன். கடைசியில், நீங்கள் போன பிறகு வந்த ரத்தக் கொதிப்பையும் சேர்த்தேன். அதைப் பார்த்து எழுத நீங்கள் இல்லை, நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் பறக்காமல் இருக்க மேலே என் செருப்பை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மெஸ் மாஸ்டர்