மகன் போட்ட கணக்கு

ஞாயிற்றுக்கிழமை

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை கேட்டாள்: "சார், கணக்குல வர்ற அப்பா நடுவுல செத்துட்டா என்ன பண்றது?" வகுப்பே சிரித்தது. கணக்கில் யாரும் சாவதில்லை என்று அவளை உட்காரவைத்தேன்.

இன்று மகன் ஒரு காகிதத்தோடு வந்தான். நாங்கள் இருக்கும் முத்தியால்பேட்டை வீட்டை விற்று, கோரிமேட்டில் பெரிய வீடு. மீதிக்கு இருபது வருடக் கடன். அவன் சம்பளம் தவணைக்குப் போதாது என்பதால் என் பென்ஷனையும் சேர்த்திருந்தான்.

"நான் போயிட்டா?" என்றேன்.

"அதான்பா பயம். நீங்க முன்னாடி போனா அம்மாவுக்குப் பாதி பென்ஷன்தான், தவணை இடிக்கும். அம்மா முன்னாடி போனா பிரச்சினையே இல்ல."

என் மனைவி காபியோடு பக்கத்தில்தான் நின்றாள். "எப்ப கெளம்பணும்னு தேதி சொல்லுடா, துணி மடிச்சு வச்சிக்கறேன்" என்றாள். அவன் சிரித்தான்.

அவனைக்கூட மன்னித்துவிடலாம். நான் அதற்குள் கூட்டலைச் சரிபார்த்து, முப்பது வருடப் பழக்கத்தில் அவன் காகிதத்தில் 'சரி' என்று குறி போட்டிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். அதற்குப்பிறகு என்னிடம் பேசவில்லை.

நாளைக் காலையில் அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எங்கள் இருவரையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, உன் சம்பளத்தை மட்டும் வைத்துப் போட்டுப் பார்.