கூண்டுக்குள் ஒரு கும்பிடு

கரமனை,
திங்கட்கிழமை

அன்பு மகள் திவ்யலட்சுமிக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் வலது தோளைக் காட்டச் சொன்னால் கேமராவைத் திருப்பிவிடுகிறாய், அதனால் பாதிதான் நம்புகிறேன். உன் சித்தி மகன் அபிலாஷ் வியாழக்கிழமை அபுதாபிக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

சனிக்கிழமை மறுபடியும் அந்த எம்.எம்.ஏ. சண்டைக் கூண்டுக்குள் இறங்குகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் பக்கத்திலேயேதான் நின்றேன். போன முறை நடந்ததே கண்ணில் நிற்கிறது. உன் உதை பட்டு அந்தப் பெண் விழுந்ததும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டோம். நீயோ சின்ன வயதிலிருந்து களரிச் சண்டைப் பயிற்சியில் செய்கிற பழக்கத்தில் பின்வாங்கி, குனிந்து தரையைத் தொட்டு நெஞ்சில் வைத்தாய். களரியில் எதிராளி விழுந்தால் அதோடு முடிந்தது. அங்கே மணி அடிக்கும்வரை முடியாதாம். அவள் உருண்டு வந்து காலை வாரிக் கையை முறுக்க, நீ விட்டுக்கொடுப்பதாகத் தரையைத் தட்டித் தோற்றாய். மாடி வீட்டு லீலாபாய் வீடியோவைப் பார்த்துவிட்டு, "எந்தா அக்கா, ஜெயிக்கிற நேரத்துல பொண்ணு கும்பிட்டுட்டு நிக்குது?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

களரியில் அடியும் உண்டு, அடிபட்டவரைத் தடவி எழுப்பும் எண்ணெயும் உண்டு, இது வெறும் சந்தைச் சண்டை என்கிறார் அப்பா. நான் அப்படிச் சொல்லமாட்டேன். களரியில் ஆசான் வாய்த்தாரியாக ஒவ்வொரு அடவையும் சொல்லச் சொல்லத்தான் அடி வரும். கூண்டில் எங்கிருந்து வரும் என்றே தெரியாமல் நிற்கிறாயே, அது தைரியம்தான். ஆனால் உன் கோச் அந்தக் கும்பிடை அடியோடு மறக்கச் சொல்கிறார் என்றாயே, அதுதான் என்னைக் குழப்புகிறது. மறக்காவிட்டால் உன் கை போகும். மறந்துவிட்டால், விழுந்தவள்மேல் ஏறி அடிப்பது என் மகள்தானா என்று பயமாக இருக்கிறது. போகாதே என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தும் போட்டேன்.

நேற்று பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் உடைக்கத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன வேண்டுவது என்று தெரியாமல் நின்றேன். நீ ஜெயிக்க வேண்டுமென்றால் இன்னொருத்தி பெற்ற பெண் அடி வாங்க வேண்டும். பின்னால் நின்றவர், "சேச்சி, வேகம் எறியுங்கோ, ஆளு நிக்குது" என்று அவசரப்படுத்தினார். என் மகள் குனியும்போது மணி அடித்து முடிந்திருக்கட்டும் என்று வேண்டி எறிந்தேன், நன்றாக உடைந்தது. அதனால் கும்பிடை மறக்காதே, மணி அடித்த பிறகு குனி.

எலும்பு முறியாமல், தீர்க்காயுசாக இரு. முடிந்ததும் முதலில் தோளைக் காட்டிப் பேசு, ஜெயித்தாயா என்பதைப் பிறகு சொல். அபிலாஷ் கொண்டுவரும் பெட்டியில் முறிவெண்ணெய் இரண்டு குப்பி இருக்கிறது. ஒன்றை வலிக்கிற இடத்தில் சூடாக்கித் தடவு. மற்றதை உன்னோடு மோதுகிற பெண்ணிடம் கொடு. அவள் அம்மாவும் எங்கேயோ பாலைப் பொங்கவிட்டிருப்பாள்.

உன் அம்மா,
உலகம்மை