அச்சில் ஏறிய வீடு

நசினு,
10 ஆகஸ்ட் 2002

அன்பு மகன் நவ்னீலுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். ஆக்லாந்துக் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை. பக்கத்து வீட்டு அப்பல்சாமியும் மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது.

போன மாதம் சுவா நகரில் ப்ரேமிலா என்ற பெண்ணின் படக் கண்காட்சிக்குப் போனேன். பழைய கட்டடங்களை லினோலியம் என்ற ரப்பர் போன்ற தகட்டில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுக்கிறாள். ஒரு படத்தின் முன்னால் கால் நகரவில்லை. நான் தையல் மெஷின் மிதித்த கடை, இரண்டாயிரமாம் வருடக் கலவரத்தன்று கொளுத்தினார்களே, அதேதான். தகரக் கூரை, மாடி மரக்கிராதி, பள்ளி விட்டு வந்து நீ வீட்டுப்பாடம் எழுதும் வாசற்படி, எல்லாம் இருந்தன. அது எரிந்ததை நேரில் பார்த்தவன் நான். பிறகு அதை நினைத்தாலே புகைதான் தெரியும். அன்றுதான் முழுக்கடையும் பழையபடி கண்ணில் நின்றது. நம் வீட்டையும் இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. ப்ரேமிலாவிடம் கேட்டு லினோலியத் தகடும் உளியும் வாங்கி வந்தேன். முதல் அச்சில் வாசல் படிக்கட்டு பக்கம் மாறி விழுந்துவிட்டது. அச்சில் இடம் வலமாகும் என்பது துணியைப் புரட்டிப் புரட்டித் தைத்தவனுக்குத் தோன்றவில்லை பார். இது யார் வீடு என்று அம்மா கேட்டாள். அடுத்த தகட்டில் திருப்பி வரைந்தேன்.

நீ விமானம் ஏறியதிலிருந்து அம்மா உன்னோடு போனில் பேசாதது உனக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். இங்கே வேலை போய்த்தானே போனான் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அந்த இரண்டாவது தகட்டை நான் செதுக்கும்போது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செதுக்கின இடம் என்ன ஆகும் என்று கேட்டாள். மை ஒட்டாது, வெள்ளையாக நிற்கும் என்றேன். உளியை வாங்கிக்கொண்டாள்.

“இந்த ஜன்னல நான் வெட்டுறேன். அவன் படிச்ச ரூமு, வெளக்கு எரியட்டும்.”

உளி வழுக்கி ஒரு மூலை கோணலாகிவிட்டது. அதை நான் திருத்தவில்லை.

அந்தப் படத்தைத்தான் இதோடு அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு, முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் போன் பக்கத்திலேயே இருக்கப் போகிறாளாம் அம்மா. மறக்காமல் கூப்பிடு, நான் எடுக்க மாட்டேன்.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
பாலசுப்பிரமணி