லீவுக்காக அழுத பாட்டு

நேற்று அண்ணன் மகள் என்னைப் பாகலூர் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் காபிக் கடைக்கு அழைத்துப் போனாள். ஒரு காபிக்கு அரை மணி நேரம் காக்க வைக்கிற கடை. காபி வருவதற்குள் மேலே இருந்த ஸ்பீக்கரில் சாக்ஸபோன் மெல்ல இழுக்கத் தொடங்கியது. பின்னாலேயே, துடைப்பத்தால் சிமென்ட் தரையைப் பெருக்குவது போல டிரம்ஸ். அப்புறம் அலுத்துப்போன குரலில் ஒரு பெண். அவள் 'லீவ்ஸ்' என்று பாடியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ எதிரில் இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய். நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நாம் வேலை பார்த்த ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. நாம் முள் பொருத்தும் மீட்டருக்குள் தூசி போய்விடும் என்று நான்கு பக்கமும் அடைத்து, இரட்டைக் கதவு போட்டு, நமக்கு வெள்ளைக் கவுனும் தொப்பியும் மாட்டிவிட்டிருந்தார்கள். வெளியே மழையா வெயிலா என்பதைக் கதவுக்கு வெளியே கிடக்கும் செருப்புகள் நனைந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். சாயங்காலம் கம்பெனி பஸ் நம்மை ஹாஸ்டல் வாசலில் இறக்கும். உள்ளே போனதும் வார்டனம்மா கேட்டைப் பூட்டிவிடுவார். இரண்டு பூட்டுக்கு நடுவே ஒரு பஸ், அவ்வளவுதான் அந்த வருடங்கள்.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், உன்னைவிட எட்டு வயது மூத்தவள், பின்னால் லைன் லீடர் ஆனவள். நீ எனக்கு நேர் எதிர் ஸ்டூல். உன் அத்தா கிருஷ்ணகிரியில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வீட்டைக் காலி செய்பவர்களிடம் அவர் வாங்கிய டேப் ரெக்கார்டர் ஒன்றுக்குள் அந்த கேசட் சிக்கிக் கிடந்தது. இரண்டையும் சேர்த்து உனக்கே கொடுத்துவிட்டார். கேசட்டின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்த ஒற்றை வார்த்தையை நீ எழுத்துக் கூட்டி 'ஆட்டம்' என்று படித்தாய்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "ஆட்டம்னு எழுதி வச்சிருக்காங்க. இதுக்கு எப்படிக்கா ஆடறது? தூக்கத்துல எந்திரிச்சு நடக்கற மாதிரியில்ல இருக்குது" என்றாய். வார்டனம்மா எட்டிப் பார்த்து, யாரம்மா செத்துப்போனது என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார். ஆனாலும் நீ விடவில்லை. ஞாயிறு தவறாமல் அந்தக் கேசட் ஓடியது. அதில் நமக்குப் பிடிபட்டவை இரண்டே வார்த்தைகள், லீவும் ஃபாலும். மற்றதை நாமே கட்டிக்கொண்டோம். பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து லீவு போய்விட்ட ஒரு தொழிலாளியின் துக்கம் அது என்பது நம் முடிவு. வேறு எதற்காக ஒருத்தி இவ்வளவு உருகி அழுவாள்? நமக்கு அதைவிடப் பெரிய துக்கம் தெரியாது.

அப்படியே இரண்டு வருடம் போய், உனக்கு நிக்காஹ் பேசி முடித்த மாதம். பெங்களூரில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இந்த மாதிரிப் பாட்டுகளாகவே பாடப் போகிறார்கள் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. அதைக் கத்தரித்துக் கவுனுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினாய். உன் அத்தா, அண்ணன் கூடப் போயிட்டு வா, அப்புறம் உன் மாமியார் வீட்டுல இதுக்கெல்லாம் விடமாட்டாங்க என்று அனுமதி கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது உன் முகம் இருந்த இருப்பு எனக்கு இப்போதும் தெரியும். அரை நாள் லீவு மட்டும்தான் பாக்கி. அதற்கு முதல் கையெழுத்து என்னுடையது.

லீவு ஃபாரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டே. நம் லைனில் எல்லோரும் அதில் காய்ச்சல் என்றுதான் எழுதுவார்கள். அக்கா கல்யாணத்துக்குப் போகிறவளும் காய்ச்சல், சினிமாவுக்குப் போகிறவளும் காய்ச்சல். சூப்பர்வைசருக்கும் அது தெரியும், கையெழுத்துப் போடும் எனக்கும் தெரியும். நீ மட்டும் அந்தக் கட்டத்தில் 'பாட்டுக் கேட்க' என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாய்.

"காய்ச்சல்னு எழுதிட்டு வாடி, இப்பவே போட்டுத் தர்றேன்" என்றேன்.

"இந்த ஒரு தடவ நெசத்த எழுதிக்கறேன்க்கா. நான் கேக்கறதே இதுதான்."

"இத மேல அனுப்பினா சிரிப்பாங்க. என்னையத்தான் கேப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்க்கா. பாட்டுக் கேக்கறது என்ன தப்பா?"

தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் லீடராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த வாரம் சரக்கு அனுப்பும் வாரம் வேறு. இதைத் தூக்கிக்கொண்டு போனால் லைனை அடக்கத் தெரியாதவள் என்று என்னைப் பழையபடி ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஃபாரத்தை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நீ அதை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். காய்ச்சல் என்று மாற்றி எழுதிவிடுவாய் என்று சனிக்கிழமை காலைவரை எதிர்பார்த்தேன். நீ எழுதவில்லை. அன்று மூன்று மணிக்கு எனக்கு எதிரில் குனிந்து மீட்டர் முள்ளைப் பொருத்திக்கொண்டிருந்தாய். ஒன்றுகூடத் தப்பாகவில்லை. உன் வீட்டார் திறந்துவிட்ட கதவை நான் சாத்தினேன். அன்று கம்பெனியின் மீது பழி போட்டுக்கொண்டேன். ஆனால் கம்பெனிவரை அந்தக் காகிதம் போகவே இல்லை.

வேலையை விட்டு நின்ற அன்று கவுனையும் தொப்பியையும் ஒப்படைத்துவிட்டு என்னிடம் வந்தாய். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நீ சிரித்துக்கொண்டு வந்தாய்.

"அக்கா, டிக்ஷ்னரி பாத்தேன். அது லீவு இல்லியாம், எலையாம். ஆட்டமும் இல்ல, எலை கொட்டற காலமாம். நம்ம ஹாஸ்டல் பாதாம் மரம் கொட்டுதே, அதுக்காக்கா அந்தம்மா அப்படி அழுதுச்சு? நாம ரெண்டு வருசமா லீவுக்குன்னு நெனச்சு அழுதுட்டு இருந்தோம்."

நானும் சிரித்தேன். அப்புறம்தான் நீ அதைக் கேட்டாய். திட்டுவது போலவே இல்லை, சாப்பிட்டியா என்று கேட்பது போலத்தான் கேட்டாய். "ஒனக்கு என்ன வேணும்னு யாருகிட்டயாச்சும் நெசமாச் சொல்லியிருக்கியாக்கா?"

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டேன். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் அதே ஹாலில் வேலை பார்த்தேன். உனக்குப் பிறகு வந்தவர்கள் என்ன காரணம் எழுதினாலும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அவர்களில் ஒருத்திகூட உன்னைப் போல எழுதிக்கொண்டு வரவில்லை. நானும் என் ஃபாரத்தில் காய்ச்சல் என்றேதான் எழுதிவந்தேன்.

நீ போன செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. மறுநாள் காலையில் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன். இப்போது எனக்கு லீடர் இல்லை, கேட் இல்லை, யாரிடமும் ஃபாரம் நீட்ட வேண்டியதில்லை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன், எங்கம்மா கிளம்பிட்ட என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சொல்லியிருந்தால் கூடவே வந்திருப்பார். கண் டாக்டரைப் பார்க்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.